கறுவலின் சாக்கு: காவல் நாய்கள் எதில் படுக்கின்றன?

கடந்த மாரியில் முத்தையன்கட்டிலுள்ள பெரியப்பாவின் தோட்டத்துக்குப் போனபோது கறுவல் படலையடிக்கு வரவில்லை. என்னுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் குளக்கட்டுப் பக்கம் கேட்டாலே ஓடிவந்து நிற்கும் நாய் அது. அன்று கொட்டில் மூலையில், பழைய யூரியாப் பைகளை அடுக்கிப் போட்டிருந்த இடத்தில் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டதற்கு வாலை மட்டும் ஒருதரம் அசைத்தது.

"மூண்டு நாளாச் சாப்பிடேல்லை. பண்டி இடிச்சிருக்குமோ எண்டு பாத்தன். காயம் ஒண்டையும் காணேல்லை," என்றார் பெரியப்பா.

அடுத்த நாள் மிருக வைத்தியர் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் கறுவலின் மேலுதட்டைத் தூக்கி முரசைக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய முரசு, கடதாசி போல வெளிறியிருந்தது. காதுக்குள்ளும் விரலிடுக்குகளிலும் உண்ணிகள் இருந்தன. பிறகு அவர் நாயை விட்டுவிட்டு, அது படுத்திருந்த பைகளை ஒரு தடியால் கிளப்பினார். பைகளின் அடிப்பக்கத்திலும், பின்னாலிருந்த மண்சுவரின் வெடிப்புகளிலும் உண்ணிகள் கொத்துக் கொத்தாக இருந்தன.

"நாயிலை இருக்கிறது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் இங்கைதான் இருக்கு," என்றார் வைத்தியர்.

அது உண்ணிக்காய்ச்சல். ஊசி போட்டார். ஆனால் பிந்திவிட்டது. இரண்டாம் நாள் இரவு கறுவல் செத்துப்போனது. அந்தக் கிழமையே பன்றிகள் கச்சான் தோட்டத்துக்குள் இறங்கின. அறுவடைக்குக் கொஞ்ச நாளே இருந்த தோட்டம். காலையில் போய்ப் பார்த்தபோது, உழவு இயந்திரம் விட்டதைப் போல நிலம் கிண்டிக் கிடந்தது.

அதன் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடி வாசிக்கவும், மிருக வைத்தியர்களிடமும் நாய் வளர்ப்பவர்களிடமும் கேட்கவும் தொடங்கினேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நாய்க்குக் கட்டிலோ?

இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது பெரியப்பா சிரித்தார். "உனக்கு விசரே பிள்ளை? நாங்கள் தறப்பாளுக்குக் கீழை வெறும் மண்ணிலை படுத்த ஆக்கள். நாய்க்குக் கட்டிலோ?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இதை வாசிக்கும் பலருக்கும் அதே கேள்வி எழலாம். செட்டிகுளம் முகாமில் ஒரு கூடாரத்துக்குள் இரண்டு குடும்பங்கள் படுத்ததை நாங்கள் மறக்கவில்லை. இன்றும் நிரந்தர வீடில்லாமல் தகரக் கொட்டில்களில் மாரியைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஊருக்குத் திரும்பிய நாட்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வளவுக்குள் காடு வந்திருந்தது. வேலி இல்லை, துவக்கு இல்லை, காவலுக்கு ஆளில்லை. பல வீடுகளில் ஆண்கள் இல்லை. மரவள்ளியும் கச்சானும் நெல்லும் போட்ட இடங்களுக்குப் பன்றி வந்தபோது, அதைக் குரைத்துக் கலைத்தவை நாய்கள்தான். தனியாகத் தோட்டம் செய்யும் ஒரு பெண்ணுக்கு இரவில் படலையடியில் படுத்திருக்கும் நாய் எவ்வளவு பெரிய பலம் என்பது அவளுக்குத் தெரியும்.

வன்னியில் இவற்றை வேட்டை நாய் என்றுதான் சொல்வோம். பன்றி, முயல், உடும்பின் வாசனை பிடித்து வளர்ந்த பரம்பரை. மான், மரை போன்றவற்றை வேட்டையாடுவது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். நான் இங்கே எழுதுவது பயிரைக் காக்கும் நாய்களைப் பற்றி. இந்த நாய்கள் ஒவ்வொரு இரவும் பற்றைக்குள் போய்வருகின்றன. உண்ணி, ஈரம், முள், காயம் எல்லாவற்றையும் உடம்பில் சுமந்துகொண்டு வந்து ஓரிடத்தில் படுக்கின்றன. அந்த இடம் எப்படி இருக்கிறது என்பதில் அவற்றின் ஆயுள் தங்கியிருக்கிறது.

உண்ணி வாழ்வது எங்கே?

உண்ணி நாயின் உடம்பிலேயே வாழ்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்து நாய்களில் அதிகம் காணப்படும் மண்ணிற நாயுண்ணி அப்படி வாழ்வதில்லை. அது தன் வாழ்நாளில் மூன்று தடவை நாயில் ஏறி இரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் குடித்து முடிந்ததும் கீழே விழுந்துவிடுகிறது. வளர்வது, தோல் கழற்றுவது, முட்டையிடுவது எல்லாம் நாய்க்கு வெளியேதான். நாய் அதிக நேரம் படுக்கும் இடத்தில்தான் அது அதிகமாக விழும்.

இரத்தம் குடித்து ஊதிய ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில், நாலாயிரம் வரைகூட முட்டையிடும். முட்டையிட அது தேடுவது இருளான இடுக்குகளை. சாக்கின் மடிப்பு, பலகை இடுக்கு, மண்சுவர் வெடிப்பு, கிடுகு வேலி எல்லாம் அதற்கு வசதியான இடங்கள். மேல்நோக்கி ஏறும் பழக்கமும் அதற்கு உண்டு. அதனால் நிலத்தைக் கூட்டிவிட்டுச் சுவரை மறந்தால் பலனில்லை. உணவே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கவும் அதனால் முடியும்.

தெள்ளும் இப்படித்தான். அதன் முட்டைகள் நாயின் மயிரிலிருந்து உதிர்ந்து படுக்கையில் விழுந்து, அங்கேதான் புழுவாகி, கூடு கட்டி வளர்கின்றன.

ஆகவே நாய்க்கு மருந்து பூசிவிட்டுப் பழைய சாக்கிலேயே படுக்கவிட்டால், இரண்டு மூன்று கிழமைக்குள் எல்லாம் திரும்பி வரும். கறுவலுக்கு நடந்தது அதுதான். பெரியப்பா உண்ணி பிடுங்காமல் விட்ட நாள் குறைவு. சாக்கைத்தான் யாரும் கிளப்பிப் பார்க்கவில்லை.

படுக்கைப் பொருளைத் தெரிவு செய்யும்போது அது எவ்வளவு மென்மையானது என்பது இரண்டாவது விடயம். அதைக் கழுவலாமா, வெயிலில் காயவைக்கலாமா, தேவைப்பட்டால் எரித்துவிட்டுப் புதிது போடலாமா என்று முதலில் பாருங்கள்.

எங்களிடம் இருக்கும் பொருட்கள்

*உரப்பை:* எல்லா வளவிலும் கிடக்கும். இலவசம். ஆனால் இதில் மூன்று பிரச்சினைகள் உள்ளன. முதலாவது, உள்ளே என்ன இருந்தது என்பது. உரம் தோலை அரிக்கும். பூச்சிமருந்தோ களைநாசினியோ ஏற்றி இறக்கப் பயன்பட்ட பையாக இருந்தால் இன்னும் ஆபத்து. மருந்து கலந்த விதைநெல் வந்த பைகளும் அப்படித்தான். நாய் படுத்த இடத்தை நக்கும், தன் உடம்பை நக்கும். திடீரென்று வாயில் வீணி வடிந்து உடம்பு நடுங்கினால் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது, இந்தப் பை ஈரத்தை உறிஞ்சாது. மழையில் நனைந்து வந்த நாய் இரவு முழுவதும் தண்ணீரிலேயே கிடக்கும். மூன்றாவது, அதன் நூல். பை நைந்தால் நீளமான பிளாஸ்ரிக் நூல்கள் பிரியும். நாய், குறிப்பாகக் குட்டி, அதைக் கடித்து விழுங்கும். நூலின் ஒரு முனை எங்காவது சிக்கிக்கொண்டால் குடல் அதன் மேல் சுருங்கிக் கொசுவம் போலாகிவிடும். குடலே அறுபடலாம். சத்திரசிகிச்சை இல்லாமல் பிழைப்பது கடினம்.

*ஸ்பொன்ச் மெத்தை:* கறுவல் போன பிறகு பெரியப்பா ஒரு குட்டி எடுத்தார். மனம் கேட்காமல் நான் வவுனியாவிலிருந்து ஒரு ஸ்பொன்ச் மெத்தை வாங்கிக்கொண்டு போனேன். குட்டி இரண்டே இரவில் அதைப் பிய்த்துப் போட்டது. அடுத்த நாள் சத்தியெடுத்ததில் மஞ்சள் ஸ்பொன்ச் துண்டுகள் வந்தன. வெளியே வந்ததால் பிழைத்தது. உள்ளே தங்கியிருந்தால் குடலை அடைத்திருக்கும். அதோடு, ஸ்பொன்ச் தண்ணீரைக் குடித்தால் எங்கள் மாரியில் காயவே காயாது. காசு கொடுத்து வாங்கிய பொருள்தான் எல்லாவற்றிலும் மோசமாக முடிந்தது.

*வைக்கல்:* குளிர்காலத்துக்கு நல்லது. உடல் சூட்டைப் பிடித்து வைக்கும், நிலத்தின் ஈரத்தைத் தடுக்கும், எரித்துவிடலாம். ஆனால் நன்றாகக் காய்ந்த புது வைக்கலாக இருக்க வேண்டும். கையில் எடுத்து மணந்து பாருங்கள். புழுங்கல் மணமோ, வெள்ளை அல்லது கறுப்புப் பூஞ்சணமோ இருந்தால் வேண்டாம். அந்தத் தூசி நாயின் சுவாசப்பைக்குப் போகும். நெல்லுக் கூரும் புல் விதைகளும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஏறும். அதனால் போடுவதற்கு முன் நன்றாக உதற வேண்டும். கிழமைக்கு ஒருமுறை முழுவதையும் மாற்ற வேண்டும்.

வைக்கலில் இன்னொரு ஆபத்து எலி. பழைய வைக்கலுக்குள் எலி கூடு வைக்கும். அதன் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்குத் தொற்றலாம். தொற்றிய நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் தொற்றலாம். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை நாங்கள் பார்த்தோம். நாயின் சாப்பாட்டுக் கோப்பையை இரவில் படுக்கைக்குப் பக்கத்தில் விடாமலிருந்தால் எலி வருவது குறையும். பழைய வைக்கலை அள்ளும்போது கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் மண்வெட்டியால் அள்ளுங்கள்.

*உமி, மரத்தூள், தும்புத்தூள்:* உமி கூரானது. கண்ணுக்கும் மூக்குக்கும் போகும். மரக்காலையில் அள்ளும் தூள் எந்த மரத்தினுடையது, அதற்கு மருந்து அடித்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. மென்தூளும் அதிகம். தச்சுப்பட்டறையில் சீவுளி போட்ட, மருந்தடிக்காத மரத்தின் சுருள் சீவல் அதைவிடப் பரவாயில்லை. தும்புத்தூள் பூங்கன்றுக்கு நல்லது. தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காகவே அதைப் போடுகிறோம். அதே காரணத்தால் நாய்க்கு ஆகாது.

*வெறும் மண்:* நாய் தானே தோண்டிப் படுக்கும் குளிர்ந்த மண் பகலுக்கு அதற்குப் பிடிக்கும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் நிழலான ஈரமண்ணில் நாயின் மலத்திலிருந்து வரும் கொழுக்கிப்புழுக்கள் வளரும். அவை தோலைத் துளைத்து உள்ளே போகும். வெறுங்காலோடு அதே மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தொற்றும். எங்கள் பகுதி நாய்களில் காணப்படும் ஒரு கொழுக்கிப்புழு இனத்தின் விஞ்ஞானப் பெயரிலேயே சிலோன் என்ற சொல் இருக்கிறது. அது மனிதருடைய குடலிலும் முழுதாக வளரக்கூடியது. இரவுப் படுக்கை மண்ணில் இருக்கக்கூடாது என்பதற்கு இதுவே போதும். மலத்தை உடனே அள்ளிப் புதைப்பதும் முக்கியம்.

*சீமெந்து நிலம்:* கழுவ இலகு. ஆனால் மாரியில் சூட்டை உறிஞ்சும். பெரிய நாய்களுக்கு முழங்கை தேய்ந்து காய்ப்பு வரும், பிறகு வெடித்துப் புண்ணாகும். மேலே ஏதாவது போட்டே ஆகவேண்டும்.

*சணல் சாக்கும் பழைய பருத்தித் துணியும்:* என் அனுபவத்தில் இதுதான் பொருத்தமானது. அரிசி, மா வந்த சணல் சாக்கு, பழைய சாரம், நூல்சேலை, போர்வை எதுவும் போதும். ஈரத்தை உறிஞ்சும், கொதிதண்ணீரில் போடலாம், வெயிலில் காயும், கெட்டுப்போனால் எரிக்கலாம். ஓரங்கள் நூல் பிரியாமல் மடித்துத் தைத்துவிடுங்கள். பொத்தான், கொழுவி, சிப் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

படுக்கையில் போடக்கூடாதவை

உண்ணியைக் கொல்ல என்று எங்கள் ஊர்களில் செய்யும் சில வேலைகள் நாயையே கொல்லும். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும். நக்கும்போது சுவாசப்பைக்குள் போனால் நிமோனியா வரும். கழிவு ஒயில் சொறிக்கு நல்லது என்று பூசுவார்கள். அதில் இருப்பது உலோகக் கழிவும் நஞ்சும்தான். பூச்சி உருண்டையைச் சாக்குக்குள் போட்டால், அதை நாய் தின்றால், இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். பயிருக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து நாயிலோ சாக்கிலோ அடிப்பதை ஒருபோதும் செய்ய வேண்டாம்.

வேப்பிலையால் கெடுதல் இல்லை. காய்ந்த வேப்பிலையைச் சாக்குக்குக் கீழே போடுவது எங்கள் அம்மம்மா காலத்துப் பழக்கம். ஆனால் அதை நம்பி உண்ணி மருந்தைக் கைவிடக்கூடாது.

பெரியப்பாவின் பரண்

புதுக் குட்டிக்கு நாங்கள் கடைசியில் செய்த படுக்கைக்குச் செலவு மிகக் குறைவு. உடைந்த கதவு ஒன்றின் பலகைகளை எடுத்து, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நான்கு கட்டைகளின் மேல் தட்டி அடித்தோம். பலகைகளுக்கு இடையில் ஒரு விரல் மொத்தம்கூட இல்லாத இடைவெளி விட்டோம். தண்ணீர் வடிய வேண்டும், கால் சிக்கக்கூடாது. ஆணிகளின் தலை வெளியே தெரியாமல் அடித்து இறக்கினோம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். மண்சுவரின் வெடிப்புகளைச் சீமெந்துக் கலவையால் பூசினோம். மேலே கூரைத் தகரம். சாரல் வரும் பக்கத்துக்கு மட்டும் ஒரு பழைய தறப்பாள். தறப்பாளைத் திரையாகக் கட்டலாம். படுக்கையாக விரிக்க வேண்டாம், கீழே ஈரம் கட்டும்.

சணல் சாக்கு இரண்டு சோடி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சோடியை எடுத்து உதறி, கொதிதண்ணீர் ஊற்றி ஊறவைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்ல வெயிலில் முழுநாளும் காயப்போடுகிறோம். மற்றச் சோடி பரணுக்குப் போகும். அன்றே பலகை இடுக்குகளுக்கும் கொதிதண்ணீர் ஊற்றுகிறோம். மாரியில் வெயில் இல்லாத கிழமைகளில் அடுப்படிக்கு மேலே கொடி கட்டிக் காயவைக்கிறோம். கடும் குளிர் நாட்களில் சாக்குக்குக் கீழே வைக்கல் போட்டு, கிழமை முடிய எரித்துவிடுகிறோம்.

உண்ணி மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டு, நாயின் நிறைக்கு ஏற்ற அளவில் கொடுக்கிறோம். நாய்க்கு மருந்து கொடுக்கும் நாளிலேயே படுக்கையையும் மாற்ற வேண்டும். ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தினால் போதாது. முட்டைகள் பொரிக்கப் பொரிக்க, மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

காயப்பட்ட நாய், குட்டி போட்ட நாய்

பன்றியின் கொம்பு கிழித்த நாய்க்கு வைக்கலோ தூளோ மண்ணோ ஆகாது. எல்லாம் புண்ணில் ஒட்டும். எங்கள் நாட்டில் திறந்த புண்ணின் ஓரத்தில் முட்டையிடும் ஒருவகை ஈ உண்டு. அதன் புழு உயிருள்ள சதையைத் தின்னும். கழுவிக் காயவைத்த வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். வெள்ளையில் இரத்தமும் சீழும் புழுவும் உடனே தெரியும். ஈ வராத இடத்தில், முடிந்தால் பழைய நுளம்பு வலைக்குள் கட்டி வையுங்கள்.

பிறந்த குட்டிகளால் முதல் இரண்டு கிழமை தங்கள் உடல் சூட்டைத் தாங்களே காக்க முடியாது. அவற்றுக்கு மடித்த பருத்தித் துணி தேவை. பல மடிப்பாகத் தளர்வாகப் போட்டால் குட்டி உள்ளே புகுந்து மூச்சுத் திணறும். ஒரு துணியை இழுத்து விரித்து, ஓரங்களை அடியில் செருகி விடுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போவது?

நாய் ஒருநாள் சாப்பிடாமல் சோர்ந்திருந்தால் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால், சிறுநீர் தேயிலைச் சாயம் போலிருந்தால், மூக்கால் இரத்தம் வந்தால், அன்றே போங்கள். உண்ணிக்காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது. முதல் நாட்களில் கொடுத்தால் பல நாய்கள் பிழைக்கின்றன. வீட்டில் இருக்கும் காய்ச்சல் குளிசையையோ நோக் குளிசையையோ கொடுக்க வேண்டாம். மனிதருக்கான சில நோ மருந்துகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும்.

2022 நெருக்கடிக்குப் பிறகு மருந்தின் விலையும் போக்குவரத்துச் செலவும் எங்களுக்குத் தெரியும். ஒரு தடவை வைத்தியரைக் கூட்டிவருவது பலருக்கு ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு. கொதிதண்ணீருக்கும் வெயிலுக்கும் அவ்வளவு செலவு இல்லை என்பதால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

கடைசியாக

இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் வெகுதூரம் ஓடிவந்தது. ஒரு சந்தியில் சனத்துக்குள் அதைத் தவறவிட்டோம். அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. மனிதரை இழந்தவர்கள் நாயைப் பற்றிக் கதைப்பது எப்படி என்ற கூச்சம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது.

போன மாதம் முத்தையன்கட்டுக்குப் போனபோது இருட்டிவிட்டது. பெரியப்பா ரோச் லைற்றோடு கொட்டிலடியில் குனிந்து நின்றார். குட்டி நன்றாக வளர்ந்திருந்தது. அவர் சாக்கின் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியப்பா, கட்டில் சரியோ?" என்று கேட்டேன்.

"கட்டிலும் கிட்டிலும்," என்றார் தலையை நிமிர்த்தாமலே. "ஞாயிறு மழை, சாக்கு வடிவாக் காயேல்லை. அந்த மற்றச் சோடியை எடு."